சாப்பாட்டு மேசையில் கேன்டனீஸ்

நேயர்களுக்கு வணக்கம். ஹாங்காங்கில் வேலை கிடைத்துப் போகிறவர்கள் கேன்டனீஸ் மொழியை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், சாப்பாட்டிலிருந்து என்றுதான் சொல்வேன். தினமும் வாய்விட்டுக் கேட்டே ஆகவேண்டிய சொற்கள் அவை, உச்சரிப்பு பிசகினால் மேசைக்கு வருவதைப் பார்த்தே தெரிந்துவிடும்.

தோங் என்று ஓர் அசை இருக்கிறது. குரலை உயரத்தில் அப்படியே நிறுத்திச் சொன்னால் சூப். அடியில் இறக்கிச் சொன்னால் சர்க்கரை. நாம் "அப்படியா?" என்று வியந்து கேட்கும்போது குரல் ஏறுமே, அந்த மாதிரி ஏற்றிச் சொன்னால் மிட்டாய். இப்படி மொத்தம் ஆறு தொனிகள். 1993இல் ஹாங்காங் மொழியியல் சங்கம் வகுத்த யூட்பிங் என்ற எழுத்துமுறையில் ஒவ்வோர் அசைக்குப் பின்னாலும் 1 முதல் 6 வரை ஓர் எண் போடுகிறார்கள், சூப்புக்கு 1, சர்க்கரைக்கு 4, மிட்டாய்க்கு 2. எண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள், தொனி இல்லாமல் படித்த சொல் பாதிச் சொல்கூட இல்லை.

நம் நாக்குக்குச் சில வசதிகள் உண்டு. கோழிக்கு கை என்கிறார்கள், நாம் கை என்று சொல்லும் அதே க, மூச்சுக்காற்று வெளியே தள்ளாத க. மாட்டிறைச்சிக்கு ஙௌ. அரிச்சுவடியில் படித்ததோடு நாம் மறந்துபோன ங இங்கே சொல்லின் முதலில் நிற்கிறது! அங்கே, இங்கே என்பதில் க-வுக்கு முன்னால் மூக்கில் ஒலிக்கிறதே, அதை மட்டும் பிரித்தெடுத்துச் சொல்லிப் பாருங்கள், வந்துவிடும். ஹாங்காங்காரர்களிலேயே பலர் இப்போது அதை விட்டுவிட்டு ஔ என்கிறார்கள், அதுவும் காதில் விழும்.

சிரமம் சொல்லின் முடிவில்தான். கேக்கு, கப்பு என்று கடைசியில் ஓர் உகரம் ஒட்டாமல் நமக்கு நிம்மதி இல்லை. வாத்துக்கு ஆப் என்று சொல்ல வேண்டும், உதடு மூடியதும் முடிந்தது, திறந்து காற்றை விடக்கூடாது. கஞ்சிக்கு ச்சுக். அங்கேயும் உகரம் போட்டால் நம் சுக்குக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். கண்ணாடி முன்னால் நின்று உதட்டைப் பார்த்துப் பழகுவது நல்லது.

தெருக்கடையில் மீன் உருண்டை வாங்கும்போது கா-லெய் என்று காதில் விழும். நம் கறி ஆங்கிலத்தில் கரியாகி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. ர அந்த மொழியில் இல்லாததால் ல.

சரி, ஒரு ச்சா-ச்சான்-தெங்கில், அதாவது அந்த ஊர் டீக்கடை உணவகத்தில், உட்கார்ந்து ஆர்டர் கொடுப்போம். ஐஸ் போட்ட எலுமிச்சை டீ, துங்-நிங்-ச்சா. இந்த ச்சாவுக்கு மட்டும் நன்றாக மூச்சை விட வேண்டும், குரல் அடியில் இருக்க வேண்டும். சர்க்கரை குறைவாக வேண்டுமென்றால் சியு-திம். பரிமாறுகிறவர் அதைத் திருப்பிச் சொல்லும்போது நிங் என்பது லிங் என்று கேட்கலாம், குழம்ப வேண்டாம், அங்கே பலர் பேசுவதே அப்படித்தான். அவரைக் கூப்பிடவும் ம்-கோய், கொண்டுவந்து வைத்ததும் நன்றி சொல்லவும் ம்-கோய், அந்த ம் தனியாகவே ஒரு முழு அசை. பில் வேண்டும் என்றால் மாய்-தான், முதல் அசை கீழே, இரண்டாவது மேலே.