ஒரே வெட்டு: தூக்கா, பத்து ஆண்டா? அந்தப் பத்து நிமிடம்தான் தீர்மானிக்கும்!

ஒரே அரிவாள், ஒரே வெட்டு. ஒருவருக்குத் தூக்கு வரை போகிறது, இன்னொருவருக்குப் பத்து ஆண்டுச் சிறையோடு முடிகிறது. வெட்டிய நொடியில் மனதில் என்ன இருந்தது என்பதுதான் வித்தியாசம். மனதை யார் திறந்து பார்ப்பது?

வணக்கம் மக்களே! மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்துக்குத் திரும்பும் முச்சந்திக் கடை முன்னால் நிற்கிறேன்.

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் படங்களில் கேட்ட கொலைப் பிரிவு 302 இங்கேயும் 302தான். இந்தியாவுக்கு 1860இல் எழுதிய தண்டனைச் சட்டம் 1871இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) இயற்றப்பட்டது. 302 என்றால் கொலை: தூக்கு, இல்லையென்றால் 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் பிரம்படியும். 2023 வரை தூக்கு மட்டுந்தான். 304 கொலை ஆகாத மரணம்: கொல்லவோ உயிர் போகும் அளவுக்குக் காயப்படுத்தவோ எண்ணம் இருந்தால் 30 ஆண்டு வரை, உயிர் போகலாம் என்று தெரிந்திருந்தது என்றளவில் நின்றால் 10 ஆண்டு வரை.

சரி, இப்போது ஒரு கற்பனை. செம்பனைக் குலை வெட்டிவிட்டு ஒருவர் மோட்டாரில் வருகிறார். பின்னால் அரிவாள் கட்டியிருக்கிறது. கடையில் வாய்த்தகராறு, தள்ளுமுள்ளு, ஒரு வெட்டு. எதிராளி இறந்துவிடுகிறார்.

"அரிவாளோடு வந்தான்" என்றாலே வெளியூர்க்காரருக்குத் திட்டம் போட்டு வந்ததாகத் தோன்றும். நம்மூரில் அது வேலைச் சாமான்! ஆனால் அதே ஆள் லயத்து வீட்டுக்குப் போய், அரிவாளை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் கழித்துத் திரும்பியிருந்தால்? திட்டமில்லாமல் 'திடீர்ச் சண்டை'யில் நடந்திருந்தால் 302 இல்லை, 304தான் என்ற விதிவிலக்கு ஆட்டம் கண்டுவிடும். எதிராளி வெறுங்கையோடு நின்றாரா என்றும் கேட்பார்கள். எனக்கு இந்தச் சட்டத்திலேயே மலைப்பைத் தருவது அந்தப் பத்து நிமிட நடைதான். மனதைப் பார்க்க முடியாததால் காலடியைப் பார்க்கிறார்கள்.

"கொல்ல நினைக்கவில்லை" என்றால் போதுமா? போதாது. விர்சா சிங் வழக்கில் வயிற்றில் ஒரே ஈட்டிக் குத்து. அந்தக் காயத்தை ஏற்படுத்த நினைத்தாரா, அது இயல்பாகவே உயிரைப் பறிக்கப் போதுமானதா, இவ்வளவு பார்த்தால் போதும் என்று 1958இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் நீதிமன்றங்களும் அதைப் பின்பற்றுகின்றன. அதனால்தான் வெட்டு கழுத்திலா கையிலா, எவ்வளவு ஆழம் என்று டாக்டரைத் துருவித் துருவிக் கேட்கிறார்கள்.

குடித்திருந்தால்? எண்ணம் உருவாகும் நிலையில் இருந்தாரா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

நியாயமான சந்தேகம் எஞ்சினால் அது குற்றம் சாட்டப்பட்டவருக்கே சாதகம். அதனால் சண்டையைப் பார்த்தவர்கள் "நமக்கெதுக்கு வம்பு" என்று நழுவாதீர்கள். அரிவாள் மோட்டாரிலேயே இருந்ததா, வீட்டிலிருந்து வந்ததா? கடை வாசலில் நின்ற உங்களுக்குத்தான் தெரியும். பார்த்ததைப் பார்த்தபடி போலீசிடம் சொல்லுங்கள்.