சிங்கப்பூர் - நியூயார்க்: கிலோமீட்டரும் கடிகாரமும்

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையம் சுமார் 15,350 கிலோமீட்டர். இது நேர்த்தூரம். வீட்டில் உலக உருண்டை இருந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், நூல் வடதுருவத்தை ஒட்டிப் போகும். தீர்க்கரேகைக் கணக்கில் சிங்கப்பூர் கிழக்கே 104 பாகையில் இருக்கிறது, நியூயார்க் மேற்கே 74-இல். கூட்டினால் 178, பாதிச் சுற்று 180. கிட்டத்தட்ட உருண்டையின் எதிரெதிர்ப் பக்கங்கள், அதனால்தான் குறுக்குவழி துருவப் பக்கம் போகிறது.

ஆனால் விமானம் பெரும்பாலும் அந்த நூல் வழியே போவதில்லை. பசிபிக் கடலுக்கு மேலே மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் ஜெட் காற்றைப் பிடித்துக்கொண்டு போகும். தரைக்கணக்கில் 16,000 கிலோமீட்டரைத் தாண்டினாலும் நேரம் மிச்சமாகும். திரும்பி வரும்போதும், காற்று தோதாக இருந்தால், அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கு நோக்கியே வருவதுண்டு.

காற்று போகும்போது கொடுத்ததை வரும்போது எடுத்துக்கொள்ளும், கணக்கு சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சரியாகாது. 9,000 கிலோமீட்டர் தூரம், விமானத்தின் வேகம் மணிக்கு 900 என்று வையுங்கள். காற்றே இல்லாவிட்டால் போக 10 மணி, வர 10 மணி. 100 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால் போக 9 மணி, வர 11 மணி 15 நிமிடம். மொத்தத்தில் 15 நிமிடம் நஷ்டம். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்வதுதான் காரணம்.

அடுத்தது கடிகாரம். டிக்கெட்டில் அச்சாகும் நேரம் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். 2018 அக்டோபரில் நியூயார்க் பக்கத்து நுவார்க்கிற்குப் போன முதல் ஏ350 யூஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) விமானம் இரவு 11.37-க்குக் கிளம்பி, அதிகாலை 5.29-க்கு இறங்கியது. வெறுமனே கழித்தால் 5 மணி 52 நிமிடம்தான் வரும். நியூயார்க் அப்போது நம்மைவிட 12 மணி நேரம் பின்னால் இருந்தது, அதைக் கூட்டினால் 17 மணி 52 நிமிடம். அங்கே நவம்பர் முதல் ஞாயிறு முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை வித்தியாசம் 13 மணி. நேரம் குறித்துச் சாப்பிடும் மருந்து உள்ளவர்கள் கைக்கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே விட்டுவைத்து, மணிக்கணக்கை அதில் பாருங்கள். அங்கே போனபின் எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதிகம் பேர் தவறுவது திரும்பும் பயணத்தில். வெள்ளி இரவு 10.30-க்கு நியூயார்க்கில் ஏறி, பதினெட்டரை மணி நேரம் பறந்தால், இங்கே இறங்குவது ஞாயிறு அதிகாலை. கோடையில் 5 மணி, குளிர்காலத்தில் 6 மணி. டிக்கெட்டில் வந்துசேரும் நேரத்தின் பக்கத்தில் பொடி எழுத்தில் +2 என்று இருக்கும். அழைத்துவரப் போகிறவரிடம் கிழமையையும் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். சனிக்கிழமை காலையில் அவர் சாங்கியில் வந்து நிற்கும்போது உங்கள் விமானம் அங்கே புறப்பட்டே இருக்காது.