மார்செய் முதல் கஸ்ஸி வரை: ஒரே பாறையின் துறைமுகமும் குடாவும் சந்தையும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மத்தியதரைக் கடற்கரைக்குச் செல்வோர் பலர், துறைமுகத்தை ஒரு நாளும் பாறைக் குடாக்களை மறுநாளும் பார்த்துவிட்டு, நேரம் மிஞ்சினால் சந்தைக்குள் நுழைந்து திரும்புகிறார்கள். தென் பிரான்சில் மார்செய் நகருக்கும் கஸ்ஸி என்னும் சிற்றூருக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கரையையாவது அப்படித் துண்டு துண்டாகப் பார்க்கக் கூடாது என்று சொல்லவே இன்று வந்திருக்கிறேன். அங்கே துறைமுகம், குடா, சந்தை ஆகிய மூன்றையும் ஒரே பாறைதான் தீர்மானித்திருக்கிறது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வெண்ணிறச் சுண்ணாம்புப் பாறை அது. பெய்யும் மழையை மேலே தங்கவிடாமல் வெடிப்புகள் வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் குடாக்களைச் சூழ்ந்த மலைகளில் உழுவதற்கு நிலம் கிடையாது. கரையோர மக்கள் பிழைப்புக்குக் கடலையும் கல்லையும் நம்பினார்கள். காய்கனிகள் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலிருந்து வந்தன.

முதலில் மார்செய்யின் பழைய துறைமுகம். சின்ன ஆசியாவின், அதாவது இன்றைய துருக்கியின், ஃபோகேயா நகரிலிருந்து வந்த கிரேக்கர்கள் கி.மு. 600 வாக்கில் இங்கே குடியேறினார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த இடமும் இயற்கையில் ஒரு குடாவே. நிலத்துக்குள் நீண்டு புகுந்த நீர்ப்பரப்பு என்பதால், வடமேற்கிலிருந்து சீறிவரும் மிஸ்த்ரால் காற்றின்போதும் கப்பல்கள் ஒதுங்கி நிற்க முடிந்தது. பெரிய வணிகக் கப்பல்கள் 19ஆம் நூற்றாண்டில் வடக்கே புதிய துறைக்கு மாறிவிட்டன. சிறு படகு மீனவர்கள் மட்டும் தங்கள் மீன்களை இன்றும் பழைய துறையிலேயே காலையில் விற்கிறார்கள்.

அந்த மீன் கடைகளின் முன் அரை மணி நேரமாவது நிற்க வேண்டும். ஆழமற்ற தட்டுகளில் கொஞ்சம் கடல்நீர் விட்டு மீன்களைப் பரப்பியிருப்பார்கள்; சில இன்னும் துள்ளிக்கொண்டிருக்கும். ஒரு தட்டில் கடல் விலாங்கு சுருண்டு கிடக்கும். இன்னொன்றில், முதுகில் நச்சு முட்களும் பெரிய தலையும் கொண்ட ராஸ்காஸ் என்னும் சிவந்த தேள்மீன். பக்கத்தில் விரல் நீளமே உள்ள பலவகைப் பாறைமீன்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கும், அவை சூப்புக்கு. எலும்பும் முள்ளும் மிகுந்து விலைபோகாமல் மிஞ்சிய இத்தகைய மீன்களை மீனவர்கள் தங்களுக்காகக் கொதிக்கவைத்துக் குடித்ததிலிருந்துதான் புகழ்பெற்ற பூயபேஸ் என்னும் மீன் சூப் பிறந்தது. இப்போது அது விலை உயர்ந்த விருந்தாகிவிட்டது. முதலில் குங்குமப்பூ மணக்கும் சாற்றையும், பிறகு மீன்களைத் தனியாகவும் பரிமாறுகிறார்கள். உண்மையான பூயபேஸ் எப்படி இருக்க வேண்டும் என்று நகரின் உணவகத்தார் சிலர் 1980இல் கூடி ஒரு சாசனமே எழுதிவைத்தார்கள். அந்தச் சாசனத்தை விட, காலையில் பார்த்த அந்தத் தட்டுகளே பூயபேஸ் என்றால் என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லும் என்பது என் கருத்து.

நகரின் தெற்கு எல்லையைத் தாண்டினால் குடாக்கள் தொடங்குகின்றன. கலாங்க் என்று அழைக்கப்படும் இவை ஒரு காலத்தில் ஆறுகள் அறுத்த பள்ளத்தாக்குகள். கடைசிப் பனியூழியில் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருகிக் கடல் உயர்ந்தபோது பள்ளத்தாக்குகளின் வாய் மூழ்கியது. இதற்கு மிகத் துல்லியமான சாட்சி மோர்ஜியூ குடாவின் அருகே உள்ளது. 1985இல் ஆன்றி கொஸ்கே என்ற முக்குளிப்பாளர் கடலுக்கடியில் 37 மீட்டர் ஆழத்தில் ஒரு குகையின் வாயிலைக் கண்டார். உள்ளே நீர் எட்டாத சுவர்களில் குதிரை, கடல்நாய் ஓவியங்களையும் மனிதக் கைத்தடங்களையும் காண முடிகிறது. அவற்றுள் மிகப் பழையவை குறைந்தது 27,000 ஆண்டுகளுக்கு முந்தையவை. அவற்றைத் தீட்டியவர்கள் இன்று நீர் நிற்கும் இடத்தில் தரைமேல் நடந்து குகைக்குள் நுழைந்தவர்கள். குகைக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அதன் நகலை 2022 முதல் மார்செய்யில் பார்க்கலாம். குடாக்களுக்குச் செல்லும் முன்பே அதைப் பார்த்துவிடுவது நல்லது.

கிழக்கு முனையில் கஸ்ஸி. ஊருக்குப் பின்னே 394 மீட்டர் உயரக் கனாய் முனை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. அருகிலுள்ள போர்-மியூ குடாவில் வெட்டிய கல், கப்பலேறிப் போய் அலெக்சாந்திரியா, போர்ட் சயீது போன்ற துறைமுகங்களின் கரைகளாயிற்று. பாறை உள்ளே இழுத்துக்கொண்ட மழைநீரும் நிலத்தடி ஆறாக ஓடி அதே குடாவில், கடல்மட்டத்துக்குக் கீழே வெளிப்படுகிறது.

கஸ்ஸி மீனவர்கள் மீனோடு செம்பவளமும் எடுத்தவர்கள். இது நம்மோடு உறவுடைய செய்தி. காலிய வளைகுடாவின், அதாவது இந்தத் தென் பிரான்சுக் கடலின், பவளமே மிகச் சிறந்தது என்று முதல் நூற்றாண்டில் எழுதிய ரோமானியர் பிளினி, ரோமானியர் இந்திய முத்தை மதிப்பதுபோல இந்தியர் பவளத்தை மதிக்கிறார்கள் என்றும் குறித்துள்ளார். அதே நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் கையேடான பெரிப்ளஸ், முசிறிக்கு வந்திறங்கிய சரக்குகளில் பவளத்தையும் சேர்க்கிறது. சேர நாட்டுத் துறைமுகத்துக்கு மிளகு வாங்க வந்த கப்பல்கள் இந்தக் கடலின் பொருளைத்தான் ஏற்றிவந்தன என்பதை அந்தப் பாறைகளின் நிழலில் நின்று நினைக்கும்போது, அந்த இடம் அயலாகத் தோன்றுவதில்லை.

கஸ்ஸியில் புதன், வெள்ளி காலைகளில் சந்தை கூடும். நண்பகலுக்குப் பின் போனால் வெறும் சதுக்கம்தான் இருக்கும். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, உப்புநீரில் ஊறிய ஒலிவக் காய்கள், கவையோன் முலாம்பழம், கோடை முடிவில் சொல்லியேஸ் அத்திப்பழம் என மலைக்கு அப்பாலுள்ள நிலம் முழுவதும் இங்கே இறங்கியிருக்கும். முலாம்பழம் கேட்டால், மதியத்துக்கா இரவுக்கா என்று விற்பவர் வினவுவார். பதிலைக் கேட்ட பிறகே காம்பை அழுத்தியும் முகர்ந்தும் ஒரு பழத்தைத் தேர்ந்து கொடுப்பார். அவசரப்படாமல் வாங்குங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. குடாக்களை உள்ளடக்கிய பகுதி 2012இல் தேசியப் பூங்காவாயிற்று. சூஜிதோன் குடாவில் கோடைகாலத்தில் ஒரே நாளில் 2,500 பேர் வரை குவிந்ததால் மண் அரித்து, பைன் மரங்களின் வேர்கள் வெளியே தெரியத் தொடங்கின. 2022 முதல் கோடையில் நாளொன்றுக்கு 400 பேருக்கு மட்டுமே, கட்டணமில்லாத முன்பதிவின் பேரில், அங்கே இடம். இந்தக் கட்டுப்பாடு சரியானது என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். காட்டுத்தீ அபாயம் மிகுந்த நாள்களில் பாதைகளையே மூடிவிடுவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மறுநாள் நிலவரம் முந்தைய மாலையே வெளியாகும், அதைப் பார்க்காமல் புறப்படாதீர்கள். சூஜிதோனில் இடம் கிடைக்காவிட்டால், பாதைகள் திறந்திருக்கும் நாளாகப் பார்த்துக் கஸ்ஸி துறையிலிருந்து போர்-மியூவுக்கு நடந்து செல்லுங்கள். ஏறத்தாழ அரை மணி நேர நடை, பழைய கல்குவாரியின் வெட்டுத்தளங்களும் வழியிலேயே இருக்கின்றன. நன்றி, வணக்கம்.