தை பிறக்கும் மாதத்தின் நிகழ்ச்சி நிரல்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

வட்டாரப் பொதுத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் ஒரு மாத நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசுமாறு கேட்கப்பட்டபோது, சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தையும் ஜனவரி மாதத்தையும் நான் தேர்ந்தெடுத்துக்கொண்டேன். மார்கழியின் பின்பாதியும் தையின் முன்பாதியும் அந்த ஒரே மாதத்துக்குள் வந்துவிடுகின்றன. இசை விழாவின் கடைசி நாட்கள், பொங்கல், சம்பா அறுவடை, திருவையாற்று ஆராதனை, குடியரசு நாள் என்று தமிழ்நாட்டின் பெரும்பாலான வாழ்க்கைத் துறைகள் அந்த முப்பத்தொரு நாட்களில் திரையின் வாசலுக்கு வந்து நிற்கின்றன. எவற்றுக்கு அந்த நிலையம் கதவைத் திறக்கிறது, எவற்றை வெளியே நிறுத்துகிறது என்பதைப் பார்த்தால், அது யாருக்காக நடக்கிறது என்பது விளங்கிவிடும். நிகழ்ச்சி நிரல் தில்லியின் கடிகாரத்தையோ விளம்பரதாரரின் கணக்கையோ பின்பற்றாமல் இந்த மண்ணின் நாட்காட்டியைப் பின்பற்ற வேண்டும் என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. 1976 ஏப்ரல் முதல் நாளில் தொலைக்காட்சி, வானொலியிலிருந்து பிரிந்து தூர்தர்ஷன் என்ற தனித்துறையாயிற்று. இங்கே மூத்தவர்கள் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். 'வயலும் வாழ்வும்', 'ஒளியும் ஒலியும்', 'எதிரொலி' ஆகிய நிகழ்ச்சிகளின் பெயர்களை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1982 ஆகஸ்டில் வண்ணமும் வந்தது, தில்லியிலிருந்து தேசிய நிகழ்ச்சியும் வந்தது. வீட்டில் எல்லோரும் கூடி அமரும் இரவு நேரம் அதற்குப் போய்விட்டது. நல்ல நேரத்தை இழந்த நிலையம், எஞ்சிய மாலைப் பொழுதுக்குள் தமிழ் வாழ்க்கை முழுவதையும் அடக்க வேண்டியதாயிற்று. 1993இல் தனியார் செயற்கைக்கோள் அலைவரிசைகள் வந்ததும் பார்வையாளர் கூட்டம் அங்கே நகர்ந்தது. பொதிகை என்ற பெயரில் நீண்ட காலம் இயங்கிய நம் அலைவரிசை, 2024 ஜனவரி 19 அன்று டி.டி. தமிழ் என்ற பெயரோடு புதிய தோற்றம் பெற்றது.

நிகழ்ச்சி நிரல் எப்படி உருவாகிறது என்பதை இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 'ஃபிக்ஸட் பாயின்ட் சார்ட்' என்று நிலையத்தார் வழங்கும் ஓர் அட்டவணை உண்டு. எந்தக் கிழமையில், எந்த மணிக்கு, எந்த வகை நிகழ்ச்சி என்பது அதில் நிலையாக வரையப்பட்டிருக்கும். செய்தி, வேளாண்மை, இசை, நாடகம் ஆகியவை தத்தம் கட்டங்களில் அமர்ந்திருக்கும். மாதந்தோறும் அந்தக் கட்டங்களுக்குள் உண்மையான நிகழ்ச்சிகளின் பெயர்கள் எழுதப்படும். மாலையில் மட்டும் ஒளிபரப்பிய காலத்தில் அது சில மணி நேரத்து வேலை. நாள் முழுவதும் ஒளிபரப்பும் அலைவரிசைக்கு ஜனவரியில் 744 மணி நேரத்தை நிரப்ப வேண்டும். ஆட்களும் பணமும் அந்த அளவுக்குப் பெருகாதபோது, மறு ஒளிபரப்பும் பிற இடங்களிலிருந்து வரும் தொகுப்புகளுமே கட்டங்களை நிரப்புகின்றன. மறு ஒளிபரப்பு குற்றமில்லை. நல்ல கச்சேரி ஒன்றை மூன்று முறை போடுவது, வேலைக்குப் போய்வருபவருக்குச் செய்யும் உதவி. எது புதியது, எது பழையது, எந்த ஆண்டில் பதிவானது என்பதைச் சொல்லாமல் போடுவதுதான் எனக்கு வருத்தமளிக்கிறது.

ஜனவரி முதல் நாளுக்கே வருவோம். மார்கழி டிசம்பர் 16 அல்லது 17இல் பிறப்பதால், ஆங்கிலப் புத்தாண்டு அன்று திருப்பாவையின் பதினாறாம் அல்லது பதினேழாம் பாசுரம் ஓதப்படும். கூடாரவல்லிக்கு உரிய இருபத்தேழாம் பாசுரம் ஜனவரி 11 அல்லது 12இல் வரும். முப்பது நாளுக்கு முப்பது பாசுரம் என்று ஆண்டாளே வகுத்துக் கொடுத்த நிரல் இது. இதையும் திருவெம்பாவையையும் விடியற்காலையில் ஒலிக்கச் செய்வது நிலையத்துக்கு எளிது. என் வேண்டுகோள் வேறொரு திசையில் இருக்கிறது. சென்னைச் சபாக்களில் மாலை நேரத்து முதன்மைக் கச்சேரி பாடும் கலைஞர்களைப் பதிவு செய்ய இன்று பலர் காத்திருக்கிறார்கள். திருக்கோயிலில் தேவாரம் ஓதும் ஓதுவாரையும், தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் நாகஸ்வரம் வாசிப்பவரையும், தவில் வாசிக்க விரல்களில் கூடுகள் மாட்டி அமர்ந்திருக்கும் இளைஞரையும் தேடிப் போகக் கடமைப்பட்ட நிறுவனம் பொதுத் தொலைக்காட்சிதான். வானொலியின் குரல் தேர்வில் 'பி' கிரேடு பெற்று, 'பி ஹை'க்கு உயர்ந்து, 'ஏ' கிரேடும் 'டாப்' கிரேடும் எட்டுவதற்குக் கலைஞர் ஒருவர் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிடுகிறார். அந்த ஏணியின் கீழ்ப்படியில் நிற்பவர்களுக்கு மார்கழியில் அரை மணி நேரம் கிடைப்பது பெரிய வாய்ப்பு. அதை நாளிதழில் பெயரோடு முன்கூட்டியே அறிவித்தால், அவருடைய ஊரே பார்க்கும்.

இனி வயலுக்கு வருகிறேன். என் மனத்தில் இந்த மாதத்தின் நடுநாயகம் 'வயலும் வாழ்வும்' போன்ற வேளாண் நிகழ்ச்சியே. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறக்கப்பட்டு ஜனவரி 28இல் மூடப்படுகிறது. ஆகவே காவிரிப் படுகையின் சம்பா உழவருக்கு ஜனவரி, அறுவடை மாதமும் தண்ணீர் நிற்கப்போகும் மாதமும் ஆகும். நெல் தரிசில், அதாவது நெல் அறுத்த ஈர நிலத்தில், உளுந்து விளைவிக்க விரும்புபவர், அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாளுக்கு முன்பே, நிற்கும் பயிருக்கு இடையில், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது விதையைத் தூவியாக வேண்டும். எந்த ரகம், எவ்வளவு விதை, விதை நேர்த்தி எப்படி என்பன ஜனவரி முதல் வாரத்தில் ஒளிபரப்பானால் அவருக்குப் பயன்படும். இருபத்தைந்தாம் தேதி ஒளிபரப்பானால் பலருக்கு அது அடுத்த ஆண்டுக்குரிய செய்தியாகிவிடும். பூக்கும் பருவத்தில் தெளிக்கும் 2 சதவீத டி.ஏ.பி. உரக் கரைசலைப் பற்றிய விளக்கம் மாதக் கடைசிக்கு மேல் வந்தால் போதும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் என்ற வரம்பு இருக்கிறது. பனியிலும் பருவம் தவறிய மழையிலும் நனைந்த நெல்லை வைத்துக்கொண்டு சாலையோரம் காத்திருக்கும் உழவருக்கு, அந்த வரம்பில் அரசு தளர்வு அளித்திருக்கிறதா என்பதே அன்றைய தலைப்புச் செய்தி. அதை மாலைச் செய்தியிலும் வேளாண் நிகழ்ச்சியிலும் ஒரே நாளில் சொல்லக்கூடிய இடத்தில் இந்த நிலையம் இருக்கிறது. வேளாண் நிகழ்ச்சிக்குப் பொருள் தேர்ந்தெடுப்பவர் பயிர்க் காலண்டரை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டுதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதன் காரணம் இதுதான்.

பொங்கல் நாட்களைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. திரை நட்சத்திரங்களின் நேர்காணலும் புதுப்படமும் பிற அலைவரிசைகளில் நிறையவே கிடைக்கின்றன. அந்தப் போட்டியில் நம் நிலையம் இறங்க வேண்டிய தேவையே இல்லை. மண்பானை வனையும் குயவரும், மஞ்சளும் கரும்பும் வெட்டும் கூலியாட்களும், மாட்டுப் பொங்கலன்று தொழுவத்தைக் கழுவும் பெண்களும் அந்த நான்கு நாள் திரையில் பேசட்டும்.

திருவையாற்று ஆராதனை தனியே பேசத் தக்கது. கர்நாடக இசை மேதை தியாகராஜர் 1847 ஜனவரி 6 அன்று மறைந்தார்; அவர் நினைவாக நடப்பதே இந்த ஆராதனை. ஆயினும் ஆராதனை ஆங்கிலத் தேதியைப் பின்பற்றாமல் புஷ்ய பகுள பஞ்சமித் திதியை, அதாவது புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாளை, பின்பற்றுவதால், 2023இல் ஜனவரி 11லும், 2024இல் ஜனவரி 30லும், 2025இல் ஜனவரி 18லும் நடைபெற்றது. ஓராண்டு பொங்கலுக்கு முந்தியும், மறு ஆண்டு குடியரசு நாளுக்குப் பிந்தியும் வருகிற இந்த ஒரு காலைப்பொழுதுக்காக மாத அட்டவணை முழுவதும் ஆண்டுதோறும் இடம் மாறுகிறது. வெளிப்புற ஒளிபரப்பு வண்டியும், ஒளிப்பதிவாளர்களும், ஒலிப் பொறியாளர்களும், செயற்கைக்கோளுக்கு ஏற்றும் கருவியும் காவிரிக் கரைக்குச் சென்று சேர வேண்டும். அதே கருவிகள் குடியரசு நாள் விழாவுக்குச் சென்னையிலும் தேவைப்படுகின்றன.

அந்தக் காலையில் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து இராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கானோர் ஒன்றாக அமர்ந்து பாடுகிறார்கள். ஒலிப் பொறியாளரின் இடத்தில் உங்களை வைத்து எண்ணிப் பாருங்கள். வீணையும் வயலினும் புல்லாங்குழலும் மிருதங்கமும் கஞ்சிராவும் ஒரே பந்தலில் ஒலிக்கின்றன. முன்வரிசையில் ஒலிவாங்கியின் அருகில் அமர்ந்தவர் குரல் மட்டும் மேலெழும்பினால் கூட்டிசை கெட்டுவிடும். எல்லா ஒலிவாங்கிகளையும் சமமாகத் திறந்துவிட்டால் சொற்கள் மங்கிவிடும். ஒளிப்பதிவாளருக்கும் தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு. புகழ்பெற்ற முகங்களையே சுற்றிச் சுற்றிக் காட்டலாம். பின்வரிசையில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே பாடும் முதியவரையும், தாயின் மடியருகே தாளம் போடும் குழந்தையையும் காட்டலாம். பின்னதை அதிகம் காட்டுவதே பொதுத் தொலைக்காட்சிக்கு அழகு என்பது என் எண்ணம். திருவையாற்றுக்குப் போக வசதியில்லாத இசை மாணவர் ஒருவர், தம் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு உடன் பாடுவதற்கு இந்த நேரலை வழிசெய்கிறது. ஆகவே ஐந்து கீர்த்தனைகள் முடியும் வரை இடையில் விளம்பரமோ, தொகுப்பாளரின் விளக்கமோ நுழையலாகாது.

அடுத்து, ஜனவரி 25ஆம் நாள் இரவு. குடியரசு நாளின் முன்னிரவில் குடியரசுத் தலைவர் நாட்டு மக்களுக்கு ஆற்றும் உரை முதலில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒளிபரப்பாகிறது. அதன்பின் வட்டார நிலையங்கள் அவரவர் மொழியில் அதை வழங்குகின்றன. பலர் கவனிக்காமல் கடந்துபோகும் நிகழ்ச்சி இது. குறுகிய நேரத்துக்குள் அந்த உரையைத் தமிழாக்கி, ஒரு சொல்லும் பிறழாமல் வாசிக்க ஆட்கள் வேண்டும். அரசியலமைப்புச் சட்டம் பற்றிய நீண்ட வாக்கியம் ஒன்று கேட்ட மாத்திரத்தில் விளங்கும் தமிழில் வருவதற்கு, மொழியறிவும் சட்டமறிவும் ஒருவரிடமே சேர்ந்திருக்க வேண்டும். நம் செய்திப் பிரிவு பல ஆண்டுகளாக அத்தகைய உழைப்பால் நடந்துவந்திருக்கிறது. ஷோபனா ரவி போன்ற செய்தி வாசிப்பாளர்களின் திருத்தமான உச்சரிப்பை வீட்டிலுள்ளோர் தமிழ் கற்கும் பாடமாகவே கேட்டார்கள். அந்த மரபைக் காக்க மொழிபெயர்ப்பாளர்களுக்கும் வாசிப்பாளர்களுக்கும் நிலையான பணியும் பயிற்சியும் தரப்பட வேண்டும்.

மறுநாள் காலை சென்னைக் கடற்கரைச் சாலையில் ஆளுநர் கொடியேற்றும் விழாவும், பிறகு தில்லி அணிவகுப்பும் நேரலையாக வருகின்றன. கடற்கரை விழாவில் வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கத்தையும் மத நல்லிணக்கத்துக்கான கோட்டை அமீர் விருதையும் முதலமைச்சர் வழங்குகிறார். விருது பெறுபவர் மேடையில் நிற்பதைச் சில நொடிகள் காட்டிவிட்டு ஒளிபரப்பு அலங்கார ஊர்திகளுக்குச் சென்றுவிடும். அவர் யார், வெள்ளத்தில் குதித்து யாரைக் காப்பாற்றினார், எந்தத் தெருவில் கலவரம் மூளாமல் தடுத்தார் என்பதை அவருடைய ஊருக்கே சென்று பதிவு செய்து, அந்த மாத முடிவுக்குள் அரை மணி நேரம் ஒளிபரப்பினால், விழாவுக்குச் செலவிட்ட உழைப்பு இரட்டிப்புப் பயன் தரும்.

இத்தனையும் செய்தால் பார்வையாளர் எண்ணிக்கை உயருமா என்று கேட்பீர்கள். தரவரிசைப் புள்ளிகளில் இந்த நிகழ்ச்சிகள் முதலிடம் பெறும் என்று நான் வாக்களிக்கவில்லை. 1990இல் இயற்றப்பட்டு 1997 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதி சட்டத்தின் (தூர்தர்ஷனையும் வானொலியையும் நடத்தும் நிறுவனத்துக்கான சட்டம்) 12ஆம் பிரிவை நீங்கள் ஒருமுறை படிக்க வேண்டும். பல்வேறு வட்டாரங்களின் பண்பாடுகளுக்கும் மொழிகளுக்கும் போதிய இடமளிப்பதும், வேளாண்மை, ஊரக வளர்ச்சி, கல்வி, மக்கள் நலம் ஆகியவற்றில் கவனம் செலுத்துவதும், உண்மையான, நடுநிலையான செய்தியைப் பெறும் குடிமக்களின் உரிமையைக் காப்பதும் நிறுவனத்தின் கடமைகளாக அங்கே எழுதப்பட்டிருக்கின்றன. மாதத்தின் 744 மணி நேரத்தில் எத்தனை மணி இந்தக் கடமைகளுக்குப் போயிற்று என்பதே சட்டப்படி கேட்கப்பட வேண்டிய கணக்கு. அந்தக் கணக்கை யாரும் பொதுவெளியில் கேட்பதில்லை என்பது எனக்கு ஆழ்ந்த கவலை தருகிறது.

கேட்பதற்கு உரிய இடம் ஒன்று முன்பு நிலையத்துக்குள்ளேயே இருந்தது. 'எதிரொலி' நிகழ்ச்சியில் நேயர்களின் கடிதங்கள் படிக்கப்பட்டு, நிலையத்தின் பொறுப்பாளரே திரையில் தோன்றி விடையளித்தார். குறை கூறிய கடிதங்களும் அங்கே படிக்கப்பட்டன. அந்த நிகழ்ச்சி வாரந்தோறும் மீண்டும் வர வேண்டும். அதற்கு நல்ல நேரம் ஒதுக்கப்பட வேண்டும். அடுத்த மாதத்தின் நிரல் இருபதாம் தேதிக்குள் முழுமையாக வெளியிடப்பட வேண்டும்; ஒவ்வொரு மறு ஒளிபரப்புக்கும் பதிவான ஆண்டு குறிக்கப்பட வேண்டும்; மாதத்தில் பதிவான ஓதுவார் இசை, நாகஸ்வரம், வேளாண் உரையாடல், ஊர்ப் பதிவுகள் ஆகியவை தேதியும் இடமும் கலைஞர் பெயரும் குறிக்கப்பெற்று யாரும் எடுத்துப் பார்க்கும்படி சேமிக்கப்பட வேண்டும். காந்த நாடா விலையேறிய பொருளாக இருந்த காலத்தில் பழைய பதிவை அழித்து அதன்மேல் புதியதைப் பதிந்த வழக்கத்தால் நாம் எவ்வளவோ இழந்திருக்கிறோம்; இன்று சேமிப்பதற்கு அந்தத் தடை இல்லை. இந்தக் கோரிக்கைகளை ஒரு விண்ணப்பமாக எழுதி நுழைவாயில் மேசையில் வைத்திருக்கிறேன். உடன்படுகிறவர்கள் கையெழுத்திட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். நிலையத் தலைவருக்கு அது இந்த வாரத்திலேயே அனுப்பப்படும்.