வாசலில் போய்க் கூப்பிடுங்கள்

நேயர்களுக்கு அன்பான வணக்கம். பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டாயிற்று. மேட்டூர் அணை திறக்க ஜூன் 12 ஆக வேண்டும். அதுவரை வாய்க்கால் காய்ந்துதான் கிடக்கும், பையன்கள் தரிசு வயலில் கிரிக்கெட் ஆடுவார்கள். நம் டெல்டா சபைகளில் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு, நாம் வாயால் சொல்கிற வி.பி.எஸ்.ஸுக்கு, ஏற்பாடு நடக்கும் நேரம் இது. முப்பது கோடைக்கு மேல் அதில் பாடம் நடத்தியவள் நான். இன்று பிள்ளைகளை எப்படிக் கூப்பிடுவது என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நோட்டீஸ் ஒட்டுகிறோம். ஆட்டோவில் மைக் கட்டித் தெருத் தெருவாகப் போகிறோம். எனக்குப் பத்தொன்பது வயதில், மயிலாடுதுறைக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக்கு என்னைப் பத்து நாள் அனுப்பினார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அறுபது நோட்டு, அறுபது பென்சில் வாங்கி அடுக்கி வைத்துக் காத்திருந்தால், முதல் நாள் வந்தது ஐந்து பிள்ளைகள். ஐந்தே பேர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தச் சபையின் கோயிலைக் கூட்டுகிற பாட்டி ஒருவர் இருந்தார். "ஏம்மா, நோட்டீசு குடுத்தியே, ஒரு வீட்டுத் திண்ணையிலயாவது செத்த உக்காந்தியா?" என்று கேட்டார். சாயங்காலம் அவரே கூட்டிக்கொண்டு போனார். மூன்றாவது வீட்டு வாசலில் பத்து வயதுப் பெண் ஒருத்தி இடுப்பில் தம்பியோடு நின்றாள். பாட்டி அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். அந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளின் பேரும் அவருக்குத் தெரியும். "நாளைக்கு வர்றியா?" என்றதும் அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு, "தம்பி அழுவான், டீச்சர்" என்றாள். அம்மா விடியலில் பருத்தி எடுக்கப் போனால் உச்சிப்பொழுது தாண்டித்தான் வருவார். அதுவரை தம்பி இவள் பொறுப்பு. அடுத்த வீட்டிலும் இதே கதை. அதற்கடுத்த வீட்டிலும் இதேதான். நோட்டீசில் பாட்டு, கதை, கைவேலை, பரிசு எல்லாம் போட்டிருந்தேன். தம்பியை என்ன செய்வது என்று போடவில்லையே.

பாட்டி ஒரே வார்த்தைதான் சொன்னார்: "தம்பியையும் தூக்கிட்டு வா."

மறுநாள் காலையில் கோயில் வளாகத்து வேப்பமரத்தில் பழைய சேலையால் இரண்டு தூளி தொங்கியது. பாட்டி முக்காலி போட்டு உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் தூளி நான்காயிற்று. நோட்டும் தீர்ந்தது. அந்தப் பெண் செய்கைப் பாட்டுக்குக் கையை ஆட்டும்போதும் ஒரு கண் மரத்தடியிலேயே இருக்கும். நிறைவு விழா அன்று, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே 23-ஆம் சங்கீதத்தைத் தடுமாறாமல் ஒப்பித்தாள். நடுவில் தம்பி மைக்கைப் பிடித்து இழுத்தான். அதற்கும் அவள் நிறுத்தவில்லை.

அடுப்படியில் வேலையாக இருப்பவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். வாசலில் போய்க் கூப்பிடுங்கள். வரவில்லை என்றால், ஏன் வர முடியவில்லை என்று கேளுங்கள். மைக் கட்டிய ஆட்டோ இதைக் கேட்காது.

அடுத்து ஊழியத்துக்கு வரும் வாலிபர்களுக்கு. "எனக்குப் பாட வராது, பேச வராது" என்று ஒதுங்குகிறீர்கள். நம் தரங்கம்பாடியில் 1706-ல் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவுக்குத் தமிழே தெரியாது. ஒரு வயதான வாத்தியாரிடம் பேசி அவருடைய பள்ளிக்கூடத்தையே தன் வீட்டில் நடத்தச் சொன்னார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தாயிற்று. நீங்களும் பாயில் பிள்ளைகள் பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

கதையை வாயால் சொல்லுங்கள். திரையில் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் குறுக்கே கேள்வி கேட்க முடியாது. நூறு ஆட்டில் ஒன்று காணாமற்போக, மேய்ப்பன் மீதியை விட்டுவிட்டு அதைத் தேடிப் போகிற வேதக்கதையை ஒரு மே மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆடு மேய்க்கிற இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் நம் வயல்களில் கிடை போட்டிருக்கும் காலம் அது. ஒரு பையன் எழுந்து, "மீதி 99 ஆட்டை யார் பாத்துக்கிட்டா? கிடையில நாய் இருந்துச்சா?" என்றான். பாடத்தை விட்டுவிட்டு எல்லோருமாக அதையே பேசினோம். அன்றைக்கு அந்த மேய்ப்பன் அவர்களுக்குத் தெரிந்த ஆளாகிவிட்டார்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். விரிவாகச் சொல்ல வைத்திருந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிற சமயத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தால், இங்கே வேதக்கதைதான் சொல்கிறோம் என்று பெற்றோரிடம் ஒளிக்காமல் சொல்லி, அவர்கள் சம்மதித்த பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பிள்ளையையும் ஒரே ஆளோடு தனியாக விடாதீர்கள். சாலை கடக்கும் இடத்தில் ஒரு பெரியவர் நிற்கட்டும், குளத்துப் பக்கம் இன்னொருவர். வெயில் ஏறுவதற்குள் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சரி, இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் ஆயரிடம் பெயர் கொடுங்கள். வீட்டில் பழைய சேலை இருந்தால் இரண்டு எடுத்துப் போங்கள். வணக்கம்.