‘வடக்கன்’ என்று கூப்பிடும் முன்னால் பர்மா காலனிக்கு வாருங்கள்

(காட்சி: காரைக்குடி, காலை நேரம், டீக்கடை வாசல்)

வணக்கம். போன மாதம் காரைக்குடி பர்மா காலனிப் பக்கம் ஒரு கடையில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறது. சாரத்திலிருந்து இறங்கி வந்த ஒரு தம்பி, இருபது இருபத்தொரு வயது இருக்கும், உடம்பெல்லாம் சிமெண்டு, டீ கேட்டு நின்றார். எனக்குப் பின்னால் நின்றவர், “ஏய் வடக்கா, தள்ளி நில்லு” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, நாம் தினமும் பேசுகிற மாதிரிதான் சொன்னார். அந்தத் தம்பியும் ஒன்றும் பேசாமல் தள்ளி நின்றார். நானும் ஒன்றும் பேசவில்லை, டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஏன் என்றால், நாங்கள் நின்ற இடத்தின் பெயர் பர்மா காலனி. பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள் குடியேறியதால் வந்த பெயர். ‘நீ இந்த ஊர்க்காரன் இல்லை’ என்று ஒரு நாடே சொல்லி அனுப்பிய மக்களின் தெருவில் நின்றுகொண்டு, இன்னொருவரை அதே வார்த்தையால் தள்ளி நிற்கச் சொல்கிறோம். இந்த வீடியோ அதைப் பற்றித்தான்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். பீகார்காரரும் வடக்கன், ஜார்க்கண்ட்காரரும் வடக்கன், அசாம்காரரும் வடக்கன். ஒடிசா நமக்குக் கிழக்குக் கடற்கரையில், ஆந்திராவுக்கு அடுத்து இருக்கிறது, அங்கிருந்து வருகிறவரும் வடக்கன்தான். அவருடைய ஊர், பேச்சு, சாப்பாடு, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது எல்லாவற்றையும் அந்த ஒரு சொல் அழித்துவிடுகிறது. ஊரும் பேரும் போன ஒருவரை வையலாம், கூலியைக் குறைக்கலாம், ரயிலில் எழுப்பிவிட்டு உட்காரலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

இது நமக்குப் புதிது இல்லை. நாம்தான் இப்படிப் பெயர் வாங்கியவர்கள். பர்மாவில் ‘கலா’, மலாயாவில் ‘கெலிங்’, இலங்கையில் ‘கள்ளத்தோணி’, பம்பாயில் ‘மதராசி’, கேரளத்தில் ‘பாண்டி’. 1966இல் பம்பாயில் சிவசேனா தொடங்கியபோது அதன் முதல் குறி தென்னிந்தியர்கள்தான், வேலையை எல்லாம் மதராசிகள் பிடித்துக்கொண்டார்கள் என்பதுதான் பேச்சு. 1991 டிசம்பரில், காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்கள் போயின. அடி வாங்கியவர்களில் யாரும் காவிரித் தண்ணீரைத் திறந்துவிடும் இடத்தில் இல்லை, தினக்கூலிக்குப் போனவர்கள் நிறைய.

சரி, பர்மாவுக்கு வருவோம். இந்த வெறுப்பு எப்படி உருவாகிறது என்பதை அங்கே தெளிவாகப் பார்க்கலாம், செட்டிநாட்டுக்காரர்களுக்கு அது வீட்டுக் கதையும்கூட.

(காட்சி: கானாடுகாத்தான், தேக்குத் தூண்கள், முகப்பிலிருந்து வளவு வரை)

இந்தத் தூண்கள் பர்மாத் தேக்கு. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், வட்டித்தொழில் செய்யப் பர்மாவுக்குப் போனதைக் ‘கொண்டுவிக்கப் போனது’ என்பார்கள். கிட்டங்கி என்றால் தொழில் நடத்தித் தங்கியும் இருக்கிற இடம், அங்கே மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை இருக்கும். அவர்களோடு சமைக்க, எடுபிடிக்கு என்று மற்ற சாதிக்காரர்களும் கப்பல் ஏறினார்கள். எங்கள் அப்பத்தாவின் அண்ணன் அப்படிச் சமையலுக்குப் போனவர். கீழ்பர்மாவில் காட்டைத் திருத்தி நெல் போட்ட பர்மிய விவசாயிக்கு வெள்ளைக்கார பேங்குகள் கடன் கொடுக்காது. செட்டியார்தான் கொடுத்தார். உலகத்துக்கே அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாகப் பர்மா வளர்ந்ததில் அந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்புறம் 1929, 30இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. நெல் விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை, அடமானம் வைத்த நிலம் கைமாறியது. கீழ்பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம், 1937இல் 25 சதவீதம். அவர்களில் பலர் நிலத்தை விரும்பி வாங்கியவர்கள் இல்லை, வட்டித்தொழில் செய்கிறவருக்கு வயல் எதற்கு? ஆனால் நிலத்தை இழந்த விவசாயிக்கு அதெல்லாம் ஏன் தெரிய வேண்டும்? அவருடைய வேதனை உண்மை. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நேர்மை இல்லை.

இனிமேல்தான் கவனமாகக் கேட்க வேண்டிய இடம். இந்தியர்கள் மேல் வந்த கோபத்தில் முதலில் செத்தது யார்? செட்டியார்கள் இல்லை. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தெலுங்குத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனிகள் பர்மியர்களைக் கூட்டிவந்து வேலையை நடத்தின. தெலுங்கர்களோடு சமரசம் ஆனதும், மறுநாள் காலையில் வேலைக்கு வந்த பர்மியர்களைத் திருப்பி அனுப்பின. துறைமுக வாசலில் ஆரம்பித்த சண்டை ஊர் முழுக்கப் பரவி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலும் இந்தியக் கூலிகள். ஒரு மூட்டைக்காரரையும் இன்னொரு மூட்டைக்காரரையும் மோதவிட்ட கம்பெனிகளுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அடித்தவர்கள் வாயில் கம்பெனியின் பெயர் இல்லை, ‘கலா’ என்ற சொல் மட்டும் இருந்தது.

1938இல் மறுபடி கலவரம். 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியே நடந்தார்கள், பல ஆயிரம் பேர் வழியிலேயே செத்துப்போனார்கள். அப்பத்தாவின் அண்ணன் ஊர் வந்து சேரவில்லை. அவருக்கு என்ன ஆனது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. 1964இல் பர்மாவின் ராணுவ ஆட்சியாளர் நே வினின் அரசு கடைகளை எல்லாம் நாட்டுடைமை ஆக்கியதும் மிச்சம் இருந்தவர்களும் வெறுங்கையோடு கப்பல் ஏறினார்கள்.

இப்போது இங்கே பாருங்கள். ‘வடக்கன் வந்து நம்ம கூலியைக் குறைச்சுட்டான்’ என்கிறார்கள். கொத்தனார், சித்தாள் வேலை செய்கிற நம் ஆட்களுக்கு வேலை குறைந்திருக்கிறது என்றால் அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் கூலியை நிர்ணயிப்பது ஒடிசாவிலிருந்து வந்த பையனா, அவரைக் கூட்டிவந்த காண்டிராக்டரா? தகரக் கொட்டகையில் பத்துப் பேரைப் படுக்கவைத்து, பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கி, அந்த விலையைக் காட்டி உள்ளூர்க்காரரை வேண்டாம் என்பது யார்? வெளிமாநிலத் தொழிலாளர்களைக் கூட்டிவரும் காண்டிராக்டர் லைசென்ஸ் எடுக்க வேண்டும், ஒரே வேலைக்கு உள்ளூர்க்காரருக்குத் தரும் கூலியைவிடக் குறைத்துத் தரக் கூடாது என்று 1979லேயே சட்டம் போட்டார்கள். அந்தக் கூலியை ஒழுங்காகக் கொடுக்கவைத்தால் நம் கொத்தனாரின் வேலையும் பிழைக்கும். இரண்டு பேரும் ஒரே பக்கம் நிற்க வேண்டியவர்கள்.

வதந்தியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2023 பிப்ரவரியில் ஓடும் ரயிலில் வடமாநிலத் தொழிலாளர்களை ஒருவர் அடிக்கும் வீடியோ வந்தது. அது உண்மை, ரயில்வே போலீஸ் வழக்குப் போட்டது. அடுத்த மாதமே தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்கிறார்கள் என்று வரிசையாக வீடியோக்கள் பரவின. அவை பொய். ஜோத்பூரில் நடந்த கொலை, கோவையில் உள்ளூர்க் கும்பல்களுக்குள் நடந்த கொலை, இதையெல்லாம் எடுத்து ஒட்டியிருந்தார்கள். பீகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்து வதந்திதான் என்றது. ஆனாலும் தொழிலாளர்கள் பயந்தார்கள், வீட்டிலிருந்து அம்மாக்கள் போன் போட்டு வந்துவிடு என்று அழுதார்கள். பொய் ஏன் அவ்வளவு சுலபமாக எடுபட்டது? தினமும் ‘தள்ளி நில்லு’ என்று கேட்கிறவருக்கு அதை நம்புவது கஷ்டமாகவா இருந்திருக்கும்?

‘வடக்கே போனால் நம்மை மதிப்பார்களா?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். காசிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. விசுவநாதர் பூசைக்கு வேண்டிய சாமான்கள் தினமும் அங்கிருந்து போகின்றன. ‘சம்போ, சம்போ’ என்று சொல்லிக்கொண்டே எடுத்துப் போவதால் அதற்குப் பெயரே சம்போ. காசியின் குறுகலான சந்தில் தமிழ்நாட்டுக்காரர்கள் இப்படிப் போவதைப் பார்த்து யாரும் தள்ளி நில் என்று சொல்வதில்லை, ஒதுங்கி வழிவிடுகிறார்கள். வடக்கே எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்லவில்லை. 2014 ஜனவரியில் டெல்லியில் நிடோ டானியா என்ற அருணாசலப் பிரதேச மாணவர், முடியைப் பார்த்துக் கேலி செய்ததில் தொடங்கிய தகராறில் அடிபட்டு இறந்தார். அவரும் இந்த நாட்டுப் பிள்ளைதான்.

இன்னும் ஒன்று, இது சொல்லக் கஷ்டமானது. நாம் தள்ளி நிற்கச் சொல்லப் பழகியது வெளியூர்க்காரரிடம் இல்லை. தேவகோட்டைப் பக்கம் கண்டதேவியில் தேர் வடம் பிடிக்கத் தலித் மக்களுக்கு உரிமை உண்டா என்று எத்தனை ஆண்டுகள் கோர்ட்டில் நின்றோம்! ஏறக்குறைய 17 ஆண்டுகள் ஓடாமல் கிடந்த தேர் 2024 ஜூனில் பலத்த போலீஸ் காவலோடு ஓடியது. பிறந்ததிலிருந்து ஒரே கண்மாய்த் தண்ணீரைக் குடித்தவரிடமே அப்படி நடந்துகொண்ட ஊர், நேற்று ரயிலேறி வந்தவரிடம் வேறு எப்படி நடந்துகொள்ளும்? அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு சாதியையும் பிறந்த இடத்தையும் ஒரே வரியில் வைத்து, இந்தக் காரணங்களால் பாகுபாடு கூடாது என்கிறது.

(காட்சி: மறுபடி பர்மா காலனி, அதே டீக்கடை)

ஒரு வாரம் கழித்து மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். அந்தத் தம்பி இருந்தார். முதலில் மன்னிப்புக் கேட்டேன், எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. ஊர் எது என்று கேட்டேன். இரண்டு வருடமாக இங்கே இருக்கிறார், தமிழ் ஓரளவு வருகிறது. ஒடிசா, கஞ்சாம் மாவட்டம், கடற்கரைக்குப் பக்கம், கோபால்பூர் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் அந்தக் காலத்தில் கோபால்பூர் துறைமுகத்திலிருந்துதான் கஞ்சாம் கூலிகள் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார்கள்.

தெருப் பெயர்ப்பலகையைக் காட்டி, பர்மா என்றால் என்ன என்று தெரியுமா என்றேன். ரங்கூன் என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. “தாத்தாவோட அப்பா போனாரு அண்ணே, ரங்கூன், மூட்டை வேலை” என்றார். திரும்பி வந்தாரா என்று கேட்டேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினார்.