அறிவியல் கதையில் எதைப் பொய்யாகச் சொல்லலாம்?

[திரை: வெள்ளைத் தாளில் ஒரு குட்டி யானை. மூக்கு மட்டும் குட்டையாக.]

யானைக்குத் தும்பிக்கை எப்படி வந்தது?

1902-ல் வெளியான ஒரு புத்தகத்தில் ஆங்கில எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங் இதற்கு ஒரு கதை சொன்னார். அந்தக் காலத்து யானைகளுக்கெல்லாம் குட்டை மூக்குதான். எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்கிற ஒரு யானைக்குட்டி ஆற்றங்கரைக்குப் போகிறது. முதலை அதன் மூக்கைக் கவ்விக்கொண்டு இழுக்கிறது. குட்டியும் விடாமல் பின்பக்கம் இழுக்கிறது. மூக்கு நீண்டு நீண்டு தும்பிக்கையாகிவிடுகிறது.

[திரை: தாள் புரள்கிறது. யாரும் பார்த்திராத ஒரு விலங்குக் கூட்டம். சிலவற்றுக்குத் தடித்த மூக்கு, சிலவற்றுக்கு ஒல்லி மூக்கு.]

இன்னொரு கதை. இதுவும் நீண்ட மூக்கைப் பற்றியதுதான். பைலோசா என்று ஒரு விலங்கு. பூச்சி தின்று வாழ்கிறது. அந்தக் கூட்டத்தில் தடித்த மூக்குக்காரர்களும் உண்டு, ஒல்லி மூக்குக்காரர்களும் உண்டு. ஒரு சமயம் பருவநிலை மாறுகிறது. பூச்சிகள் மண்ணுக்கு அடியில், ஆழமான குறுகிய வளைகளுக்குள் போய்விடுகின்றன. ஒல்லி மூக்கு உள்ளே நுழைகிறது, தடித்த மூக்கு நுழையவில்லை. தின்ன முடிந்தவை பிழைத்துக் குட்டி போடுகின்றன, முடியாதவை செத்துப்போகின்றன. தலைமுறைகள் கழிந்து பார்த்தால், கூட்டத்தில் கிட்டத்தட்ட எல்லாமே ஒல்லி மூக்கு.

பைலோசா என்ற விலங்கு உலகத்தில் கிடையாது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வாளர் டெபோரா கெலெமனும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வுக்காகவே உருவாக்கிய 10 பக்கப் படக்கதை இது. 5 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார்கள். முடிவு 2014-ல் வெளியானது. பிள்ளைகள் கதையைப் புரிந்துகொண்டதோடு நிற்கவில்லை. அதே காரணத்தை வேறொரு புது விலங்குக்கும் பொருத்தி விளக்கினார்கள். 3 மாதம் கழித்துக் கேட்டபோதும் அது நினைவில் இருந்தது. எட்டி எட்டித் தின்றதால்தான் ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து நீண்டது என்று தவறாக நம்பும் பெரியவர்கள் இன்றைக்கும் நிறைய. அந்த இடத்தை 5 வயதுப் பிள்ளை ஒரு கதையின் கைபிடித்துத் தாண்டுகிறது என்பது சின்ன விஷயமா?

இரண்டு கதையும் பொய்தான். ஆனால் பொய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

[திரை: இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில். முதல் படத்தில் முதலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். இரண்டாவதில் விலங்கைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.]

கிப்ளிங் கதையில் யானை நிஜம், காரணம் பொய். கெலெமன் கதையில் விலங்கு பொய், காரணம் நிஜம். யானைக்குட்டிக் கதையை எந்தப் பிள்ளைக்கும் நான் சந்தோஷமாக வாசித்துக் காட்டுவேன். மொழிக்காக, சிரிப்புக்காக, அந்தக் குட்டியின் அடங்காத கேள்விகளுக்காக. அறிவியல் சொல்லித்தரும் புத்தகம் என்று அட்டையில் போட்டால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அறிவியல் கதை எழுதுகிறவர் ஆளை, ஊரை, விலங்கை, ஏன் கிரகத்தையே இஷ்டத்துக்கு உண்டாக்கலாம். ‘இதனால் இது நடந்தது’ என்று சொல்லும் இடத்தில் மட்டும் கைவைக்கக் கூடாது.

இது புதிய யோசனையும் இல்லை. கோள்களின் இயக்க விதிகளைக் கண்டுபிடித்த யோகன்னஸ் கெப்ளர், நிலவுக்குப் போகும் கனவு ஒன்றைக் கதையாக எழுதிவைத்தார். அவர் இறந்த பிறகு, 1634-ல் அது அச்சானது. நிலவுக்குக் கூட்டிப் போவது ஓர் ஆவி. மாயம் அதில்தான். போய்ச் சேர்ந்த பிறகு வருவதில் பெரும்பகுதி வானியல். நம்மைப் பார்த்திருக்கும் பக்கத்தில் நின்றால், நிலவின் வானத்தில் பூமி உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. ஏறக்குறைய ஒரே இடத்தில் தொங்குகிறது. பகல் மட்டும் நம் கணக்கில் சுமார் 14 நாள் நீள்கிறது. சிறுவர்களுக்காக எழுதியது அல்ல என்றாலும், ஒரு பொய்யை வைத்து அத்தனை உண்மையையும் காட்டிவிடும் வித்தை அதிலேயே முழுசாக இருக்கிறது.

[திரை: ஒரு சிறுமி. உயரக்கோடு 100 செ.மீ. அவள் சுருங்கிச் சுருங்கி 1 செ.மீ. ஆகிறாள்.]

சரி, நாமே ஒரு கதை போட்டுப் பார்ப்போம். கயல் என்று ஒரு சிறுமி. உயரம் 100 சென்டிமீட்டர், எடை 16 கிலோ. ஒரு நாள் காலையில் எறும்பளவுக்குச் சுருங்கிவிடுகிறாள். உயரம் 1 சென்டிமீட்டர். எப்படிச் சுருங்கினாள்? அது நம் பொய். விளக்கமே வேண்டாம், பிள்ளைகள் கேட்காமல் ஏற்றுக்கொள்வார்கள். இதற்கு மேல் ஒரு பொய்யும் சேர்க்காமல் கதையை நகர்த்த முடிகிறதா என்று பார்ப்போம்.

உயரம் நூறில் ஒரு பங்கானால், தோலின் பரப்பு பத்தாயிரத்தில் ஒரு பங்காகும். எடையோ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதாவது 16 கிலோ கயல் இப்போது 16 மில்லிகிராம். எடை குறைந்த வேகத்துக்குப் பரப்பு குறையவில்லை. கதை முழுக்க இந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது.

[திரை: மேசை விளிம்பில் கயல். கீழே தரை, பாதாளம் போல.]

முதல் காட்சியில் கயல் மேசையிலிருந்து தவறி விழுகிறாள். வாசிக்கிற பிள்ளைக்கு நெஞ்சு பதறும். ஆனால் கயலுக்கு ஒன்றுமே ஆகாது. எடையோடு ஒப்பிட்டால் அவள் உடம்பைக் காற்று தாங்கும் பரப்பு முன்பைவிட நூறு மடங்கு. தரையில் விழுந்ததும் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு நடப்பாள். உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1926-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் சொன்னார்: ஆயிரம் கெஜ ஆழச் சுரங்கத்தில் சுண்டெலியைப் போட்டாலும், தரை மெத்தென்று இருந்தால் லேசாக அதிர்ந்துவிட்டு எழுந்து ஓடிவிடும்.

இரண்டாவது காட்சியில் கயல் ஓர் அரிசியைத் தூக்குகிறாள். அரிசி அவளைவிடக் கனம். இருந்தாலும் தூக்கிவிடுகிறாள். தசையின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது, அது எடையளவுக்குக் குறையவில்லை. எறும்பின் பலம் ஏதோ அதிசயம் என்று நினைத்திருந்த பிள்ளைக்கு, சின்ன உடம்பு எதற்கும் அந்தப் பலம் இருக்கும் என்று இந்த இடத்தில் பிடிபடும்.

அப்புறம்தான் ஆபத்து.

[திரை: ஒரு நீர்த்துளி. கயலின் பாதி உயரம். அவள் கை அதைத் தொடுகிறது.]

கயலுக்குத் தாகம். பக்கத்திலேயே ஒரு துளி தண்ணீர், 5 மில்லிமீட்டர் அகலம். எடை சுமார் 65 மில்லிகிராம், கயலைப் போல நான்கு மடங்கு. தொட்டதும் தண்ணீர் கையோடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறுகிறது. நாம் குளித்துவிட்டு வரும்போது உடம்பில் அரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஈரம் ஒட்டியிருக்கும் என்று ஹால்டேன் கணக்கிடுகிறார். நமக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கயலின் உடம்பில் அதே அரை மில்லிமீட்டர் படிந்தால் சுமார் 35 மில்லிகிராம், அவளைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மேசையிலிருந்து விழுந்து சாகாதவள் ஒரு துளித் தண்ணீரில் செத்துவிடலாம். நீர்ப்பூச்சிகள் தண்ணீர் மேலேயே நடப்பதும் ஈக்கள் அதில் சிக்கிக்கொள்வதும் ஏன் என்று பாடம் நடத்தத் தேவையில்லை. கயலோடு சேர்ந்து பிள்ளையும் மூச்சுத் திணறினால் போதும்.

இதற்கு நடுவில் அவளுக்குக் குளிர் தாங்கவில்லை, பசியும் விடவில்லை. உடம்பு சிறுத்தால் சூடு சீக்கிரம் போய்விடும். ஈடுகட்டத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். மூஞ்சூறு நாள் முழுக்க இரை தேடி அலைவதும் இதனால்தான்.

கவனித்தீர்களா? வில்லன் என்று யாரும் இல்லை. பரப்பும் எடையும் சேர்ந்தே கதையை நடத்திவிட்டன. பல அறிவியல் கதைப் புத்தகங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். இரண்டு பிள்ளைகள் காட்டுக்குப் போவார்கள், நடுவில் ஒரு தாத்தா வந்து மூன்று பக்கத்துக்கு ஒளிச்சேர்க்கை பற்றிப் பேசுவார், பிறகு எல்லோரும் வீடு திரும்புவார்கள். அந்த மூன்று பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படித்தாலும் கதை அப்படியே இருக்கும். பிள்ளைகள் அதைத்தான் செய்கிறார்கள், கிழிக்காமல் புரட்டிவிடுகிறார்கள்.

[திரை: கண்ணாடி போட்ட நண்டு. சட்டை போட்ட பறவை.]

பேசும் விலங்குகள்? இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் பட்ரீசியா கானியாவும் சக ஆய்வாளர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு, அவர்கள் அறியாத விலங்குகளைப் படப் புத்தகத்தில் காட்டினார்கள். சிலருக்கு விலங்கைப் பற்றி உள்ளது உள்ளபடி சொன்னார்கள். சிலருக்கு அது மனிதரைப் போலப் பேசுவதாகவும் நினைப்பதாகவும் சொன்னார்கள். இரண்டாவது வகையைக் கேட்டவர்கள், நிஜ விலங்குக்கும் மனிதக் குணம் உண்டு என்று சொல்வது கூடியது. படமும் சொல்லும் இரண்டுமே மனிதச் சாயலில் இருந்த புத்தகத்தில், சின்னப் பிள்ளைகள் புதுத் தகவலைப் பிடித்துக்கொள்வதும் குறைந்தது.

அதற்காகப் பேசும் நரிகளை எல்லாம் விரட்டிவிட வேண்டியதில்லை. விலங்கைப் பற்றியே சொல்லித்தரும் புத்தகம், அதுவும் இந்த வயதுக்கு என்றால், விலங்கை விலங்காகவே விடுங்கள் என்பதுதான் என் கருத்து. எறும்பு பேசினாலும் எறும்பாகத்தான் பேச வேண்டும். மோப்பம் பிடித்து வழி கண்டுபிடிக்கட்டும், சாலைப் பலகையைப் படிக்க வேண்டாம். வேலைக்கார எறும்புகளும் வேலைக்காரத் தேனீக்களும் பெண்கள். அவற்றுக்கு மீசை வரைந்துவிட்டால், பிறகு எத்தனை பாடம் நடத்தினாலும் அந்த மீசை போகாது.

1986-ல் தொடங்கிய ‘மேஜிக் ஸ்கூல் பஸ்’ வரிசை இதற்கு நேர்மையான வழி ஒன்றைக் கண்டுபிடித்தது. ஜோன்னா கோல் எழுத, புரூஸ் டீகன் படம் வரைந்தார். முதல் புத்தகத்திலேயே பிள்ளைகள் மேகத்துக்குள் போய் மழைத்துளியோடு கீழே இறங்குகிறார்கள். கடைசிப் பக்கங்களில், கதையில் எதெல்லாம் நடக்கவே நடக்காது என்று ஆசிரியரே சொல்லிவிடுகிறார். அந்தப் பக்கம் இல்லாத புத்தகமாக இருந்தால் நீங்களே உருவாக்குங்கள். படித்து முடித்ததும் ஒரு தாளை நடுவில் மடித்து, நடக்கக்கூடியது ஒரு பக்கம், நடக்காதது மறுபக்கம் என்று பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். சண்டை வரும் வரிகள்தான் நல்ல வரிகள்.

[திரை: ஒரு பழைய விண்வெளிக் கதைப் புத்தகம். சூரியனைச் சுற்றி ஒன்பது கோள்கள்.]

அந்தத் தாள் பழைய புத்தகங்களுக்கும் உதவும். சர்வதேச வானியல் ஒன்றியம் 2006 ஆகஸ்டில் கோளுக்கு வரையறை வகுத்தது. புளூட்டோ குறுங்கோள் ஆனது. அதற்கு முன் அச்சான கதைகளில் ஒன்பது கோள்கள் இருக்கும். அதற்காக அவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். புத்தகம் அச்சான ஆண்டைப் பிள்ளையே தேடிக் கண்டுபிடிக்கட்டும். அதற்கும் 2006-க்கும் நடுவில் என்ன நடந்தது என்று அவர்கள் கேட்டால், எரிஸ் என்ற பெயரிலிருந்து தொடங்குங்கள். புளூட்டோவுக்கு அப்பால், ஏறக்குறைய அதே அளவில் கண்டுபிடிக்கப்பட்டு, இந்த வழக்கையே கிளப்பிவிட்டது அதுதான்.